மூணு ராத்திரி கொல்கத்தா

டிசம்பர் 7, ஞாயிறு

கல்யாணம் பிப்ரவரி 8. பேங்க்ல எனக்கு ஒம்போது நாள் லீவு, அவருக்கு அதைவிடக் கம்மி, மறுவீடு விருந்துன்னு எல்லாம் கழிச்சுப் பாத்தா எங்களுக்குன்னு மிஞ்சறது புதன்ல இருந்து சனி சாயங்காலம் வரைக்கும் தான். மூணே ராத்திரி. மலை ஊர்னா ஏற ஒரு நாள் இறங்க ஒரு நாள்னு ரோட்டுலயே போயிடும், அதனால பெரிய சிட்டியா பாத்துப் போலாம், இறங்கின உடனே ஊருக்குள்ள நிக்கற மாதிரி இருக்கணும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்பறம் "கொல்கத்தா போலாமா?"ன்னு கேட்டார். ஏன் கொல்கத்தான்னா, "அங்க உங்களுக்கு ஒண்ணு காட்டணும்"னார். என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லல. சரின்னுட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

பெரியம்மா போன் பண்ணி "கல்கத்தாவுக்கா தேன்நிலவு, அங்க என்னடி இருக்கு, ஒரே ஜனம்"னு கேட்டாங்க. ஜனம் இருக்கட்டும் பெரியம்மா. இதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் தனியா நடந்ததே இல்ல, நிச்சயத்தன்னிக்குக் கூட சுத்தி நாப்பது பேர் இருந்தாங்க. நம்மள யாருக்குமே தெரியாத ஒரு ஊர்ல, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல கையைப் பிடிச்சிட்டு நடக்கணும், எனக்கு வேணும்கறது அது தான். இதை போன்ல சொல்ல முடியல, இங்க எழுதறேன்.

டிசம்பர் 13, சனி

ரயில் ரிசர்வேஷன் அறுபது நாளைக்கு முன்னாடி தான் திறக்குது, எங்க பிப்ரவரி 11க்கு இன்னிக்கு திறக்கும்னு காலைலயே ரெண்டு பேரும் போனைக் கையில வச்சுட்டு உக்காந்திருந்தோம். எனக்கு ரயில் ஆசை இருந்தது. ஃபர்ஸ்ட் ஏசில ரெண்டே பெர்த் உள்ள கூப்பே இருக்கு, கதவைச் சாத்திக்கலாம், ஜன்னல் பூரா ஆந்திரா ஒடிசான்னு ஓடும். ஆனா கூப்பே கிடைக்குமா நாலு பேர் கேபினான்னு சார்ட் போடும்போது தான் தெரியும், கேட்டு வைக்கலாம், உறுதி கிடையாது. அதோட ஹவுரா போய்ச் சேர ஒரு முழு நாளைக்கு மேல ஆகும், இருக்கறதே மூணு ராத்திரி. ஃப்ளைட்ல ரெண்டரை மணி நேரம் தான். மனசு வரல, ஆனாலும் ஃப்ளைட்டே போட்டாச்சு.

டிசம்பர் 20, சனி

அவர் எக்ஸல் ஷீட் அனுப்பினார். பத்தொம்பது இடம். விக்டோரியா மெமோரியல், காலேஜ் ஸ்ட்ரீட், காபி ஹவுஸ், பார்க் ஸ்ட்ரீட் பழைய கல்லறை, குமார்துலில சாமி சிலை செய்யற தெரு, பேலூர் மடம், சிப்பூர் ஆலமரம்னு எல்லாத்துக்கும் நேரம் போட்டு, நடுவுல சாப்பாட்டுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம்னு ஒரு வரி. எவ்வளவு மெனக்கெட்டுப் பண்ணியிருக்கார்னு புரிஞ்சுது, ஆனா பாத்த உடனே எனக்கு அழுகையே வந்துடுச்சு. இதுல நாம எப்போங்க பேசுவோம்னு ஒரே ஒரு வரி மெசேஜ் போட்டேன். நீல டிக் வந்துச்சு, பதில் வரல.

டிசம்பர் 21, ஞாயிறு

காலைல ஆறு மணிக்கு போன். ராத்திரி தூங்கலைன்னு குரல்லயே தெரிஞ்சுது. "ரெண்டே ரெண்டு விஷயம் வச்சுக்கலாம்மா, மத்தது எல்லாத்தையும் அடிச்சுடறேன்"னார். அந்த ரெண்டு எதுன்னு கேட்டேன், அப்ப தான் விஷயம் வெளிய வந்தது, நாப்பது நிமிஷம் மூச்சு விடாம பேசினார், இந்த மனுஷன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல.

அங்க ஆத்தங்கரைல பிரின்செப் காட்னு ஒரு படித்துறை இருக்கு, சாயங்காலம் ஜோடி ஜோடியா வந்து படகுல ஏறுவாங்க. அந்தப் படித்துறை 1840கள்ல ஜேம்ஸ் பிரின்செப் ஞாபகமா கட்டினது. கல்கத்தா நாணயச் சாலைல வேலை பாத்தவர், அசோகர் காலத்து பிராமி எழுத்தை 1837ல படிச்சது அவர் தான். எப்படிப் படிச்சார்ங்கறதைத் தான் இவர் அவ்வளவு நேரம் சொன்னார். சாஞ்சி புத்த ஸ்தூபியைச் சுத்தின கல் வேலியில சின்னச் சின்ன வரியா வெட்டியிருக்கு, ஒவ்வொரு வரியும் அதே எழுத்துகள்ல முடியுது. பிரின்செப் யோசிச்சிருக்கார், ஸ்தூபிக்குக் கல் எடுத்துக் கொடுத்தவங்க பேரா இருந்தா கடைசியில "தானம்"னு தானே வரணும்? அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சு மிச்ச எழுத்தெல்லாம் ஒண்ணு ஒண்ணா தெரிய ஆரம்பிச்சிருக்கு. நம்ம தமிழி, அதாவது பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டைப் படிக்க முடிஞ்சதுக்கும் வழி அங்க இருந்து தான்.

ரெண்டாவது விஷயம் இந்தியன் மியூசியம். பார்ஹுத் ஸ்தூபியோட செவப்புக் கல் வேலி அங்க இருக்கு, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆனது, அதுலயும் அந்த "தானம்" வெட்டியிருக்கு. "பகல்ல உனக்கு அந்த வார்த்தையைக் கல்லுல காட்டிட்டு, சாயங்காலம் அவர் பேர் இருக்கற படித்துறைல இருந்து படகுல போலாம்"னார். முதல் தடவையா நீன்னு சொன்னார். நான் எதுவும் சொல்லல, சந்தோஷமா இருந்துச்சு.

மதியம் ஒரு தாள்ல எழுதி போட்டோ அனுப்பினார். "ன" ரொம்ப சுலபம், கீழ ஒரு படுக்கைக் கோடு, அதுக்கு மேல நட்டு வச்ச மாதிரி ஒரு கோடு. பக்கத்துல ஒரு புள்ளி வச்சா "னம்". ஆபீஸ் டைரி ஓரத்துல எழுதி எழுதிப் பழகிட்டிருக்கேன்.

ஜனவரி 4, ஞாயிறு

ரூம் தேடல். ஆத்தைப் பாத்த ரூம்னு போட்ட ஒரு இடத்துல பணம் கட்டப் போகும்போது ரிவ்யூவைக் கடைசி வரைக்கும் படிச்சேன், ஜன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டடத்துச் செவரு தானாம். நல்லவேளை. கல்யாணம் ஆகிப் போறவங்க தயவுசெஞ்சு நட்சத்திரத்தை மட்டும் பாக்காதீங்க, தங்கினவங்க எடுத்த போட்டோவைப் பாருங்க. எங்க கடைசி நாள் பிப்ரவரி 14ல வேற விழுது, வெள்ளி ராத்திரிக்கு மட்டும் வாடகை தனியா ஏறியிருக்கு. கடைசில மியூசியத்துக்கு நடக்கற தூரத்துல, பால்கனி வச்ச பழைய கட்டடத்துல ஒரு ரூம் போட்டோம்.

ஜனவரி 17, சனி

இன்னிக்கு நான் கண்டுபிடிச்சது. பிளான்ல படகு ஆறரை மணின்னு இருந்தது, நம்ம ஊர்க் கணக்குல போட்டது. கொல்கத்தா நமக்கு நல்ல கிழக்கே இருக்கு, கடிகாரம் மட்டும் ஒண்ணு, அதனால பிப்ரவரி நடுவுல அங்க அஞ்சரைக்கெல்லாம் சூரியன் இறங்கிடும். ஆறரைக்குப் போயிருந்தா இருட்டுல தான் ஏறியிருப்போம்! படகை அஞ்சு மணிக்கு மாத்தினேன். ஏறும்போது வெளிச்சம், திரும்பும்போது மேல வித்யாசாகர் பாலத்துல விளக்கு எரியும், ரெண்டும் கிடைச்சுடும். அவர் "இது எனக்குத் தோணவே இல்லையே"ன்னு நாலு தடவை சொன்னார்.

திங்கள்கிழமை மியூசியமும் கிடையாது விக்டோரியா உள்ளயும் விட மாட்டாங்க, எங்களுக்குத் திங்கள் இல்ல, தப்பிச்சோம்.

வெள்ளிக்கிழமைக்கு என் ஆசை ஒண்ணு சேத்திருக்கேன். ஒரே ஆத்தை மூணு விதமா தாண்டணும். காலைல ஹவுரா பாலத்துல நடந்து போகணும், 1943ல திறந்தது, நட்டு போல்ட் இல்லாம ரிவெட்டுலயே நிக்குது, அதுக்குக் கீழ மல்லிக் காட் பூ மார்க்கெட், சாமந்தி மாலையைத் தலைச்சுமையா தூக்கிட்டுப் போவாங்களாம். பாலத்தைத் தாண்டினதும் ஹவுரால இருந்து ஃபெர்ரில இந்தப் பக்கம். அப்பறம் ஆத்துக்கு அடியில போற மெட்ரோ, 2024 மார்ச்ல வந்தது, ஆத்துக்குக் கீழ இருக்கறது 520 மீட்டர், முக்கால் நிமிஷத்துல தாண்டிடும். அந்த முக்கால் நிமிஷம் கண்ணை மூடிக்கணும்னு வச்சிருக்கேன். மிச்ச நேரத்துக்கு ஒண்ணும் போடல, ட்ராம் ஓடினா ஏறுவோம், நோலேன் குர் சந்தேஷ் இருந்தா சாப்பிடுவோம், ஈச்ச வெல்லத்துல செய்யற இனிப்பு, குளிர்காலத்து சமாச்சாரம், பிப்ரவரிக்கு அப்பறம் கிடைக்கறது கஷ்டம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அத்தை "காளி ஊருக்குப் போய்ட்டு காளியைப் பாக்காம வராதீங்க"ன்னாங்க. சனி காலைல தட்சிணேஸ்வரம். இதுக்கு மேல ஒண்ணும் சேக்கறதா இல்ல.

பிப்ரவரி 10, செவ்வாய், ராத்திரி

கல்யாணத்தைப் பத்தி அப்பறம் எழுதறேன், இப்ப முடியாது, காலு ரெண்டும் வீங்கி இருக்கு.

பேக் பண்ணியாச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே பெட்டி, என் புடவைக்குப் பக்கத்துல அவர் சட்டை மடிச்சிருக்கறதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தேன். படகுல காத்தடிக்கும்னு ஒரு சால்வை. ஆபீஸ் டைரியைக் கூட எடுத்து வச்சேன், கல்லுல அந்த வார்த்தை எங்க இருக்குன்னு அவர் காட்டறதுக்கு முன்னாடி நானே கண்டுபிடிக்கணும். மருதாணி இன்னும் நல்லா செவந்திருக்கு. அவர் டிக்கெட்டை மூணாவது தடவையா சரி பாத்துட்டு, "அலாரம் மூணரைக்கு வச்சிருக்கேன், நீயும் ஒண்ணு வச்சிக்கோ"ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டார். வச்சிட்டேன்.