மேல்வீட்டுச் சத்தம்: தகவல் வேறு, புகார் வேறு

இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி) வீட்டிலோ, லாபநோக்கில்லாத ஹவுசிங் அசோசியேஷன் வீட்டிலோ வாடகைக்கு இருப்பவர்கள் மேல்வீட்டுத் தொல்லை பற்றிப் பத்து முறை போன் போட்டிருப்பார்கள். பதிவில் ஒரு புகார்கூட இருக்காது. சத்தத்தைச் சொல்வது தகவல்தான். அதை வீட்டு நிர்வாகம் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்வதுதான் புகார். இது புரியாமலே மாதங்கள் ஓடிவிடும்.

முதலில் தகவல். சத்தத்தைக் குறித்துவைக்க நிர்வாகம் தரும் டைரித் தாளில் "ராத்திரி முழுக்கச் சத்தம்" என்றால் பயனில்லை. "12ஆம் தேதி, இரவு 11.40 முதல் 1.15 வரை, படுக்கையறைக் கூரை வழியாகப் பாட்டுச் சத்தம், பிள்ளை இருமுறை எழுந்தாள்" என்று இருக்க வேண்டும். போனைப் படுக்கும் இடத்தில் வைத்துப் பதியுங்கள், சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். தாள் திரும்பி வராவிட்டால் கேஸை மூடிவிடுவது வழக்கம். மின்னஞ்சலில் அனுப்பி நகல் வையுங்கள்.

காலடிச் சத்தம், குழந்தை அழுகை, (நம் வீட்டு இடிகல்லும்தான்) இவை அன்றாட வாழ்க்கைச் சத்தம். சத்தத்தடுப்பு மோசமான பிளாட்டானாலும் சாதாரணப் புழக்கம் சட்டப்படி தொல்லை ஆகாது என்று 1999இல் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இதற்குச் சமூகவிரோத நடத்தை என்று எழுதினால் வேலைக்காகாது. தரைவிரிப்பை எடுத்துவிட்டு லேமினேட் (பலகை போன்ற கடினத் தரை) போட்டார்களா, வாடகை ஒப்பந்தப்படி அனுமதி வாங்கினார்களா என்று கேளுங்கள்.

மிரட்டல், கூச்சல், நள்ளிரவுப் பார்ட்டி என்றால் கதை வேறு. சமூகவிரோத நடத்தை பற்றிய 2014 சட்டப்படி கவுன்சில், போலீஸ், வீட்டு நிர்வாகம் எல்லோரையும் சேர்த்து உட்காரவைக்கும் மறுஆய்வைக் கேட்கலாம். பொதுவாக 6 மாதத்தில் 3 தகவல் போதும்; ஒவ்வொன்றும் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும்.

நிர்வாகம் அசையவில்லையா? இப்போதுதான் புகார். 5 வேலை நாளில் ஒப்புகை, அதிலிருந்து 10 வேலை நாளில் முதல் கட்டப் பதில். திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டம், அதற்கு 20 வேலை நாள். பிறகு 12 மாதத்துக்குள் ஹவுசிங் ஓம்புட்ஸ்மன் (வீட்டு நிர்வாகங்கள் மீதான புகாரை விசாரிக்கும் சுயேச்சையான அதிகாரி). அவர் பக்கத்து வீட்டாரை விசாரிக்கமாட்டார், காலிசெய்யவும் வைக்கமாட்டார். நிர்வாகம் தன் கொள்கைப்படி நடந்ததா என்றுதான் பார்ப்பார். ஆகவே அந்தக் கொள்கையை இறக்கிப் படித்து எழுதுங்கள்: "3 நாளில் தொடர்புகொள்வோம் என்கிறீர்கள், 19 நாளாயிற்று."