லானோவில் கருவேலம் புகை

ஆஸ்டினிலிருந்து 71ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து வடமேற்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் லானோ வரும். டெக்சாஸின் மான் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற சின்ன ஊர். நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்கும். அது முடிந்து இரண்டு வாரம் கழித்து, கூட வேலை பார்க்கும் நண்பர் அங்கே இருக்கும் தன் மாமனாரின் பண்ணைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். வருஷா வருஷம் நடப்பதாம். கறி சுடுவார்கள், அவரவர் வீட்டுத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து காட்டுவார்கள், வருகிறவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்து வர வேண்டும்.

என் மனைவிக்குப் போக மனமில்லை. இருபது முப்பது துப்பாக்கி இருக்கிற இடத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அதை அப்படியே நண்பரிடம் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மாமனார் வைத்திருக்கும் ஒழுங்குகளைப் பொறுமையாகச் சொன்னார். சுடுகிற இடம் வீட்டுக்குப் பின்னால் தனியாக, மண்மேடு போட்டது. பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு தோட்டாகூட வெடிக்கக் கூடாது. பீர் குடிக்கிறவர் முதலில் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டுத்தான் பாட்டிலைத் தொட வேண்டும். அதைக் கேட்ட பிறகு மனைவி சரி என்றாள். முந்தின ராத்திரியே உப்புக்கறி செய்து வைத்தாள். எங்களுக்குப் பரமக்குடிப் பக்கம். விருந்துக்கு எதையாவது கொண்டுபோக வேண்டுமென்றால் அதுதான் முதலில் தோன்றும்.

பண்ணையின் இரும்புக் கேட்டைத் திறந்து உள்ளே போனதும் காரின் கண்ணாடியை இறக்கினேன். அந்த வாசனை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கண்மாய்க்கரையோரம் கரிமூட்டம் போட்டிருப்பார்கள். விறகை அடுக்கி, மேலே செத்தையும் ஈரமண்ணும் பூசி, நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேகவிடுவார்கள். அங்கங்கே விட்ட ஓட்டைகளில் வெள்ளையாகப் புகை கசியும். லேசாக இனிப்பும் கசப்பும் கலந்த புகை. அதே புகை இங்கேயும். மனைவியும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மெஸ்கீட் என்று இவர்கள் சொல்லும் மரம் நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. ஒரே பேரினம். நெற்று, முள், இலை எல்லாம் அதே சாடை. பண்ணைக்காரர்களின் புலம்பலும் அதேதான்: மாடு நெற்றைத் தின்று சாணியில் விதையைப் போட்டுவிடுகிறது, வெட்ட வெட்டத் தழைக்கிறது, தண்ணீரை உறிஞ்சுகிறது. எங்கள் பக்கம் இந்த மரத்தை அழிக்கச் சொல்லி நீதிமன்றம் வரைக்கும் போனார்கள் என்று சொன்னபோது, பெரியவர் (நண்பரின் மாமனாரை அப்படியே சொல்லிவிடுகிறேன்) என் தோளில் கை வைத்து, அந்த வழக்கில் நானும் சேர்ந்திருப்பேன் என்றார்.

டெக்சாஸ் பார்பிக்யூ என்றதும் பலருக்கு லாக்ஹார்ட் ஞாபகம் வரும். 1999இல் மாநிலச் சட்டமன்றமே பார்பிக்யூ தலைநகரம் என்று பட்டம் கொடுத்த ஊர். அங்கே போஸ்ட் ஓக் என்ற கருவாலி மர வகையை ஒரு பக்கம் எரித்து, அதன் புகையும் சூடும் மட்டும் கறிமேல் படும்படி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். லானோ பக்கத்து முறை வேறு. மெஸ்கீட் கட்டைகளைத் தனி அடுப்பில் எரித்துக் கங்காக்கி, நீளப் பிடி போட்ட ஷவலால் அள்ளி, கறிக்கு நேர் கீழே பரப்பிவிடுகிறார்கள். கொழுப்பு உருகிக் கங்கில் சொட்டும்போது கிளம்புகிற புகைதான் ருசி. பெரியவர் விடிகாலை மூன்று மணியிலிருந்து அந்த அடுப்படியில்தான் நின்றாராம். மாட்டின் நெஞ்சுக்கறி, பன்றி விலாவெலும்பு, ஜெர்மன் பாணி சாசேஜ், முழு வெள்ளாட்டுக் குட்டி ஒன்று. நெஞ்சுக்கறிக்கு என்ன மசாலா என்று கேட்டேன். உப்பு, மிளகு, அவ்வளவுதான். நாங்கள் கொண்டுபோன கறியின் பேரே உப்புக்கறி, அதில் உப்பும் வரமிளகாயும் சின்ன வெங்காயமும்தான் என்று மனைவி விளக்கினாள். அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, இன்னொன்று எடுத்தார்.

பத்து மணிக்குள் முப்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் தோல் உறை, உறைக்குள் துப்பாக்கி. உடம்பு கொஞ்சம் கூசத்தான் செய்தது.

பார்பிக்யூ கன் என்று ஒரு சொல் டெக்சாஸில் புழங்குகிறது. வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிற துப்பாக்கி தேய்ந்து, கீறல் விழுந்து கிடக்கும். விருந்துக்குக் கட்டுகிற துப்பாக்கியில் உலோகம் முழுக்கப் பூங்கொடி செதுக்கியிருக்கும், வெள்ளி பதித்திருக்கும், பிடி தந்தத்திலோ முத்துச்சிப்பியிலோ இருக்கும். அதற்கு ஜோடியாக உறையிலும் அதே வேலைப்பாடு. வருஷத்தில் ஓரிரு நாள்தான் வெளியே வரும். என் மனைவி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, பாட்டியின் அட்டிகையைக் கல்யாணத்துக்கு லாக்கரிலிருந்து எடுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்க்கிறவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, யார் செதுக்கியது, எந்த வருஷம், தாத்தாவுடையதா என்று விசாரித்தார்கள்.

ஜெர்மானியர் குடியேறிய பூமி இது. பக்கத்து ஃபிரெடெரிக்ஸ்பர்க் 1846இல் அவர்கள் உண்டாக்கிய ஊர். அவர்களின் இன்னொரு ஊரான நியூ ப்ரான்ஃபெல்ஸில் 1849இலேயே துப்பாக்கி சுடும் சங்கம் வைத்திருக்கிறார்கள். குறி பார்த்துச் சுட்டு, ஜெயித்தவனை ராஜா என்று கொண்டாடி, சாசேஜும் பீரும் வைத்து விருந்து போடுவது அவர்கள் ஊரிலிருந்து கூடவே வந்த பழக்கம். காவல் வேலை பார்த்த டெக்சாஸ் ரேஞ்சர்களும் பூவேலை செய்த பிஸ்டல்களை விரும்பிக் கட்டியவர்கள். வேகோவில் இருக்கும் ரேஞ்சர் அருங்காட்சியகத்துக்கு முன்பு போயிருந்தபோது அவற்றில் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சாதாரண ஜனங்கள் ரொம்ப காலம் இதைத் தெருவில் கட்டிக்கொண்டு நடக்க முடியாமல் இருந்தது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்து 1871இல் ஒரு சட்டம் வந்தது. மறைத்து எடுத்துப் போக உரிமம் தரும் சட்டம் 1995இல்தான் கையெழுத்தானது. உரிமத்தோடு வெளிப்படையாகக் கட்டலாம் என்றானது 2016இல். 2021 செப்டம்பரிலிருந்து பெரும்பாலோருக்கு உரிமமே வேண்டாம். அதனால் தடை இருந்த காலத்தில் அழகான துப்பாக்கியைக் கட்டிக் காட்ட வேண்டுமென்றால் சொந்த நிலம், இல்லையென்றால் இந்த மாதிரி ஒருவர் பண்ணை விருந்துதான் வழி என்று பெரியவர் சொன்னார்.

அவருடைய துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

1873இல் வந்த, கோல்ட் கம்பெனியின் சிங்கிள் ஆக்‌ஷன் மாடல் ரிவால்வர், .45 அங்குலக் குண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ஜெனரல் பேட்டன் இடுப்பில் யானைத்தந்தப் பிடியோடு இருந்ததே, அதே வகை. பெரியவர் அதை உறையிலிருந்து எடுத்தபோது குழல் தரையைப் பார்த்தபடி இருந்தது. விரல் ட்ரிகர் பக்கமே போகவில்லை. குண்டை வெடிக்க வைக்கும் சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்தினார். பக்கவாட்டில் சின்னக் கதவு மாதிரி இருப்பதைக் கட்டைவிரலால் திறந்தார். உருளையை ஒவ்வொரு அறையாகத் திருப்பினார். க்ளிக், க்ளிக் என்று ஆறு முறை. ஆறு அறையிலும் ஒன்றுமில்லை. அதை எனக்கும் காட்டினார், பக்கத்தில் நின்ற நண்பருக்கும் காட்டினார். ஏற்கெனவே அவர் பார்த்ததுதான், இருந்தாலும் மறுபடி. இந்தத் துப்பாக்கியைக் கட்டுகிற பழைய ஆட்கள் ஆறு குண்டு போடுவதில்லையாம். ஒன்று போட்டு, ஓர் அறையை விட்டு, நாலு போட்டு, காலி அறைமேல் சுத்தியை இறக்கி வைப்பார்கள். இல்லாவிட்டால் கீழே விழும்போது தானாக வெடித்துவிடக்கூடும்.

குழலிலும் உருளையிலும் பூங்கொடிக்குப் பதிலாக மாட்டுக்குப் போடுகிற சூட்டுக்குறிகள் செதுக்கியிருந்தன. ஃபோர்ட் வொர்த்தில் கோல் ஏஜி என்ற செதுக்குக்காரர் பேர்பெற வைத்த பாணி அது. பெரியவரின் அப்பா தன் குறி, மாமனார் வீட்டுக் குறி, சுற்றியிருந்த பண்ணைகளின் குறிகள் எல்லாவற்றையும் உள்ளூர் ஆள் ஒருவரிடம் கொடுத்து அதே பாணியில் செதுக்கச் சொல்லியிருக்கிறார். இது இன்னார் மந்தை, இவர்கள் நிலத்தை விற்றுவிட்டு ஹூஸ்டன் போய்விட்டார்கள், இவர்களுக்கு வாரிசு இல்லை என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு வட்டாரத்தின் வம்சாவளியே அந்த ஆறங்குல இரும்பில் இருந்தது.

பிடி பழுப்பு நிறத்தில், இடையிடையே கருஞ்சிவப்பு ரேகை ஓடி, கண்ணாடி மாதிரி பளபளத்தது. என்ன மரம் என்று கேட்டேன். அடுப்பைக் கை காட்டினார். அப்பா காலத்தில் கிணற்றடியில் வெட்டிய மெஸ்கீட்டாம்.

தொட்டுப் பார்க்கச் சொல்லி நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. எச்-1பி விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டம். வேட்டை உரிமம் வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. இது தெரியாமல் நண்பர்களோடு சுடுகிற இடத்துக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிற நம் பையன்கள் நிறைய. தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள். பெரியவரிடம் சொன்னதும் அவர் உடனே தன் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

சுடுகிற இடத்தில், காதடைப்பும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தோம். இரும்புத் தட்டில் குண்டு பட்டதும் கோயில் மணியைக் கல்லால் அடித்த மாதிரி ஒரு சத்தம். பெரியவரின் பத்து வயதுப் பேத்தி என் மகளுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்: எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலைக் காட்டாதே. குறி பார்க்கும்வரை ட்ரிகரில் விரல் வைக்காதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். என் மகள் அதை வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியும் கலக்கமும் சேர்ந்தே வந்தது.

சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் ஒரு பள்ளி ஆசிரியை. அவர் இடுப்பில் இருந்தது, ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை பார்த்த அவர் அப்பாவின் ‘1911’ என்ற மாடல் பிஸ்டல். அப்பா ஞாபகமாக இதை இங்கே மட்டும்தான் கட்டுவேன், கடைத்தெருவுக்குக்கூடக் கட்டிக்கொண்டு போனதில்லை என்றார். 2022இல் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வகுப்புக்குள் போனதும் முதலில் கதவுத் தாழ்ப்பாளைத்தான் பார்க்கிறாராம். எதிரே இருந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1991இல் கில்லீன் உணவகத்தில் 23 பேர் செத்தார்களே, அங்கே ஒருவர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்று ஆரம்பித்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் 1995ஆம் வருஷத்துச் சட்டத்துக்கே ஆதரவு திரண்டது. இருவரும் குரல் உயர்த்தாமல், பீன்ஸ் பாத்திரத்தை மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே வாதாடினார்கள். நான் அந்த ஆசிரியையின் பக்கம். அந்தப் பண்ணையில் பார்த்த ஒழுங்கும் பொறுப்பும் எனக்குப் பிடித்திருந்தது. அதே துப்பாக்கி மளிகைக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பது எனக்கு வேண்டாம். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

சரி, கறி. பெரியவர் நெஞ்சுக்கறியை நாருக்குக் குறுக்கே, பென்சில் கனத்துக்கு வெட்டினார். பாதி வந்ததும் கறியையே திருப்பி வைத்துக்கொண்டார். நாரின் ஓட்டம் அந்த இடத்தில் மாறுகிறது. மேலே கருகிய மிளகுத் தோல், அடியில் கொழுப்பு தளதளவென்று. விரலால் தூக்கினால் வளைந்து தொங்கும், லேசாக இழுத்தால்தான் பிரியும். வெள்ளை ரொட்டி, பச்சை வெங்காயம், ஊறுகாய் வெள்ளரிக்காய், பின்ட்டோ பீன்ஸ். மனைவி மாட்டுக்கறி சாப்பிடமாட்டாள். அவளுக்காக வெள்ளாட்டுக் குட்டியின் தொடையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் உப்புக்கறியை ரொட்டிக்குள் வைத்து மடித்துத் தின்றே பத்து நிமிஷத்தில் காலி செய்துவிட்டார்கள். மிளகாயைக் கடித்த இரண்டு பேர் கண்ணில் தண்ணீரோடு செய்முறை கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்குப் பீர் வாளி வந்தது. அதற்கு முன்னால், ஒருவர்பின் ஒருவராகப் போய்த் துப்பாக்கியைக் காலி செய்து காட்டி, பெட்டிக்குள் வைத்தார்கள். பெரியவர் தன்னுடையதை எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, கடைசியாக வைத்துப் பூட்டினார். சாவி அவர் மனைவியின் கழுத்துச் சங்கிலியில்.

கிளம்பும்போது எங்கள் கார் டிக்கியைத் திறக்கச் சொல்லி, நாலு மெஸ்கீட் கட்டைகளை வைத்தார். எங்கள் அடுக்குமாடியில் அடுப்பு மூட்ட அனுமதியில்லை. கட்டைகள் இன்னும் பால்கனியில்தான் இருக்கின்றன. மழை பெய்து ஓய்ந்த நாளில் கதவைத் திறந்தால், கண்மாய்க்கரை வாசனை வருகிறது.