பவுடர் ஸ்கீயில், அதாவது ஆழமான புதுப்பனியில் சறுக்குவதற்கான ஸ்கீயில், எது பெரிய புரட்சி?

என் ஓட்டு 2002-ல் வந்த வோலன்ட் நிறுவனத்தின் ஸ்பாட்யுலா ஸ்கீக்குத்தான். ஸ்கீ வீரர் ஷேன் மெக்கான்கியின் மூளையில் உதித்தது.

அதற்கு முன்பே ஆஸ்திரியாவின் அட்டாமிக் நிறுவனத்தில் ரூபர்ட் ஹூபர் ஒரு ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அகல ஸ்கீக்கு வழி போட்டுவிட்டார். ஹெலிகாப்டரில் மலையேறிச் சறுக்க வந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். "முடியாதவங்க போடுறது" என்று கிண்டலும் நடந்தது. ஆனாலும் அது பழைய ஸ்கீயின் அகலப் பதிப்புதான்.

மெக்கான்கி தலைகீழாக யோசித்தார். வழக்கமான ஸ்கீயைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலே தூக்கி நிற்கும், நடு அகலம் ஒடுங்கியிருக்கும். கெட்டிப் பனியை விளிம்பு கடித்துப் பிடிக்க அது வேண்டும். ஆழமான புதுப்பனியிலோ முனை போய்ப் புதைந்துகொள்ளும். தண்ணீரில் சறுக்குகிற ஸ்கீ இப்படியா இருக்கிறது? 2001-ல் அலாஸ்காவில் வாட்டர் ஸ்கீயிலேயே பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும் பைண்டிங்கை மாட்டி மலையிலிருந்து இறங்கிக் காட்டினார் மனுஷன்! ஸ்பாட்யுலாவின் நடு அகலம் 125 மி.மீ., இரு முனைகளும் அதைவிட ஒடுக்கம். அடிப்பக்கம் தோணி மாதிரி வளைந்து, முனையும் வாலும் மேலே நிற்கும். பனிக்குள் புதையாது, பக்கவாட்டிலும் வழுக்க விடலாம். கெட்டிப் பனியில் மட்டும் படுமோசம்.

2009-ல் இத்தாலியின் டோலமைட் மலையில், ஸ்கீயோடு பாறை விளிம்பிலிருந்து பாராசூட்டில் குதித்தபோது மெக்கான்கி இறந்துபோனார். இன்று கடையில் இருக்கும் அகல ஸ்கீக்களில் பெரும்பாலானவற்றுக்கு முனை மேல்நோக்கி வளைந்துதான் இருக்கிறது. ராக்கர் என்கிறார்கள். பலவற்றில் நடுப்பகுதி மேலே தூக்கி நிற்கும் பழைய வளைவையும் விட்டுவைத்திருப்பதால் கெட்டிப் பனியிலும் சமாளிக்கிறது.