ஸ்கார்பரோவில் பரமண்டல ஜெபம்

கனடாவில் நாங்கள் போன முதல் ஆராதனையிலேயே எனக்கு வாய் தடுக்கியது. வேறெங்கே தடுக்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. இது இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். நாலு வயதில் மனப்பாடம் செய்தது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆங்கிலத்திலும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் காலை எட்டு மணி ஆராதனையில், பழைய ஜெபப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பத்துப் பதினைந்து முதியவர்கள் ஒரே குரலில் 'ட்ரெஸ்பாஸஸ்' என்றார்கள். நான் மட்டும் 'கடன்' என்று மனதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு ஒரு அடி பின்தங்கிவிட்டேன்.

ட்ரெஸ்பாஸ் என்றால் எனக்குத் தெரிந்தது வேலியில் தொங்கும் பலகைதான்: அத்துமீறி உள்ளே வராதே. நம் வேதாகமத்தில் மத்தேயு சொல்வது வேறு. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." அதே ஆலயத்தில் பத்தரை மணி ஆராதனைக்குப் போனால் புதிய புத்தகம், அதில் 'பாவம்' என்று இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த பிரெஸ்பிட்டேரியன் சபைக்காரர்கள் எங்களைப் போலவே கடன் என்றுதான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஒரே ஜெபம், மூன்று வார்த்தை. வந்த புதிதில் இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. கையில் கடன் மட்டும் இருந்தது.

நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். செம்மண் தேரியும் பனையும் உள்ள சீமை. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் 192 அடி உயரக் கோயில் கோபுரம்தான் முதலில் கண்ணில் படும். எங்கள் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். ஊரில் கிறிஸ்தவனாக இருப்பதற்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மணி அடித்தால் போக வேண்டும், சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு அரிசி கொடுக்க வேண்டும், ஐயரவாள் (போதகரை அப்படித்தான் சொல்வோம்) வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அம்மா தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பாள். அது காணிக்கை அரிசி. கொடுக்கிற வீடு என்று எங்களுக்கு ஒரு நினைப்பு இருந்தது.

2013 நவம்பரில் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்டில் குடியேறினோம். நான், மனைவி, மூன்று வயது மகள். முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும் சேர்த்து முன்கூட்டியே கொடுத்ததில் கொண்டுவந்த பணம் பாதி போயிற்று. ஊரில் பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுதியவன், இங்கே ஏஜென்சி மூலம் ஒரு கிடங்கில் இரவு வேலை. மணிக்கு 10.25 டாலர், அப்போதைய குறைந்தபட்சக் கூலி. அதுவும் வாரத்தில் மூன்று நாள் கூப்பிட்டால் அதிர்ஷ்டம்.

டிசம்பரில் ஒரு நாள் ஆலயத்து அம்மா ஒருவர், வியாழக்கிழமை ஹாலில் உணவு கொடுக்கிறோம், வாருங்கள் என்றார். உதவி செய்யக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத்தான் நான் போனேன். போன பிறகுதான் நாங்கள் மேசைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டியவர்கள் என்று புரிந்தது. மனைவி எனக்கு முன்னாலேயே புரிந்துகொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள். டப்பாவில் அடைத்த கொண்டைக்கடலை, வேர்க்கடலை வெண்ணெய், மக்ரோனி டப்பா, கொஞ்சம் வாடிய கேரட். டொராண்டோவில் 1983 முதல் இருக்கும் பெரிய உணவு வங்கிக்கே 'டெய்லி பிரெட்' என்றுதான் பெயர், அன்றன்றைய அப்பம். ஆனால் பெயர் வேதத்திலிருந்து வந்ததால் வரிசையில் நிற்பது சுலபமாகிவிடாது. அன்று இரவு அந்தக் கடலையைச் சுண்டல் செய்து சாப்பிட்டோம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று மகள் சொன்னபோது நான் கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தேன். முப்பத்தாறு வருஷமாகச் சொன்ன வரி. கேட்டுக் கிடைத்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் பனிமழை வந்தது. அந்த டிசம்பர் 22, ஞாயிறு. மழையாக இறங்கி விழுந்த இடத்திலேயே உறைந்தது. மரக்கிளைகள் கண்ணாடிக் குழாய்போல் மின்கம்பிகள் மேல் முறிந்து விழ, டொராண்டோவில் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று. எங்கள் வீட்டு ஹீட்டர் காஸில் ஓடுவதுதான். ஆனால் சூட்டை ஊதித் தள்ள மின்விசிறி வேண்டுமே. மாலைக்குள் பேஸ்மென்ட் குளிர்ப்பெட்டி ஆகிவிட்டது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அம்மாதான் கதவைத் தட்டினார். "தம்பி, பிள்ளையை வச்சுக்கொண்டு ஏன் இங்க இருக்கிறியள்? எழும்பி வாங்கோ." அவர்கள் வீட்டில் விறகு எரிக்கும் கணப்பு இருந்தது. மூன்று இரவு அங்கேதான் படுத்தோம். முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு, அதற்குக் கீழே எங்கள் மகள் கம்பளிக்குள் சுருண்டு தூங்கினாள். தீக்குச்சியால் காஸ் அடுப்பைப் பற்றவைத்து அந்த அம்மா புட்டு அவித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, "உங்கட பாட்டு ஒன்று பாடுங்கோவன்" என்று அவரே கேட்டார். பாடினோம்.

அடிபட்டுக் கிடந்த வழிப்போக்கனுக்கு, யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன் ஒருவன் உதவிய நல்ல சமாரியன் கதையை நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கதை முடிந்ததும், யார் அந்த மனுஷனுக்குப் பிறனாயிருந்தான் என்று இயேசு கேட்கிறார். கேள்வி கேட்டுவந்த நியாயசாஸ்திரிக்குச் 'சமாரியன்' என்ற சொல் வாயில் வரவில்லை. "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்று சுற்றிவளைத்துச் சொல்கிறான். அந்த ஆளை நான் சிரிப்புக்கு இடமாகத்தான் நடித்துக் காட்டுவேன். கரண்ட் வந்து போனில் சார்ஜ் ஏறியதும் ஊருக்குப் பேசினேன். "யாரு வீட்டுலடே இருந்தீய? நம்ம சபைக்காரங்களா?" என்று அம்மா கேட்டாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெளிவான பதில் இல்லை. மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். அடுத்த ஈஸ்டருக்குத்தான் அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். "நல்லாருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை.

சில வருஷம் கழித்து நிலைமை மாறியது. எனக்கு நிரந்தர வேலை, மனைவிக்கு முதியோர் பராமரிப்பு வேலை, இரண்டு அறை அபார்ட்மென்ட். வியாழக்கிழமைகளில் மேசைக்கு மறுபக்கம் நிற்கத் தொடங்கினோம். அந்தச் சமயத்தில்தான் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் படிக்க வந்தான். நாலு மாதம் எங்கள் வீட்டுச் சோபாவில் தூங்கினான். 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று மகளையும் சிரிக்கவைத்துக்கொண்டு திரிவான். செமஸ்டர் கட்டணத்துக்குக் குறைகிறது என்றதும் 2,300 டாலர் கொடுத்தேன். ஒரு மாதத்தில் தந்துவிடுகிறேன் என்றவன், ஒரு மாதத்தில் படிப்பை விட்டுவிட்டு ஆல்பர்ட்டாவுக்குப் போய்விட்டான். போன் எண்ணும் மாறிவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் தமிழ் ஆராதனையில் ஜெபம் சொல்லும்போது அந்த வரி வரும். கடனாளிகளுக்கு. எனக்கு இப்போது நிஜமாகவே ஒரு கடனாளி உண்டு, தொகை உண்டு, தேதி உண்டு. ஆங்கில ஆராதனையில் ட்ரெஸ்பாஸ் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் முடியாது. இது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் நான் காலை ஆராதனைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன்.

போனால் அங்கே வேறு ஒன்று காத்திருந்தது. ஆராதனைத் தாளின் முதல் பக்கத்தில் இந்த நிலம் யாருடையது என்று ஒரு பத்தி அச்சிட்டிருப்பார்கள். டொராண்டோ நகரத்தின் பெரும்பகுதி மிஸ்ஸிசாகா பூர்வகுடிகளின் நிலம். 1805 ஒப்பந்தத்தில் 2,50,830 ஏக்கர் கைமாறியது, 10 ஷில்லிங்குக்கு. 2010இல்தான் கனடா அரசு அந்தக் கணக்கைத் தீர்க்க 14 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்தது. அந்தப் பத்தியை நான் வருஷக்கணக்காகப் படிக்காமல் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். ஒரு நாள் அதைப் படித்துவிட்டு ஜெபத்துக்கு வந்தபோது, அத்துமீறல் என்ற சொல் வேலிப் பலகையிலிருந்து இறங்கி அந்தத் தாளில் போய் உட்கார்ந்துகொண்டது. தமிழுக்குத் தப்பி ஆங்கிலத்துக்கு ஓடியவனுக்கு ஆங்கிலமும் மூடிவிட்டது.

ஒரு செப்டம்பர் 30 அன்று, விடுதிப் பள்ளிகளில் தவித்த பூர்வகுடிப் பிள்ளைகளை நினைத்து எல்லோரும் ஆரஞ்சுச் சட்டை போடும் நாள், ஆலயத்திலிருந்து சிலரோடு பிரான்ட்ஃபோர்டுக்குப் போனேன். டொராண்டோவிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். அங்கேதான் மோஹாக் இன்ஸ்டிடியூட் என்ற விடுதிப் பள்ளி இருந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் அடித்து, 'நாகரிகம்' கற்பித்த இடம். நீண்ட காலம் ஆங்கிலிக்கன் நிர்வாகம், நாங்கள் போகும் ஆலயத்தின் அதே திருச்சபை. 1970இல்தான் மூடினார்கள். கட்டடத்தின் பின்சுவரில் செங்கற்களில் பிள்ளைகள் தங்கள் பெயரையும், தங்களுக்குக் கொடுத்த எண்ணையும் கீறி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கு வைத்த பெயர் 'மஷ் ஹோல்'. ஓட்ஸ் கஞ்சியைத்தான் மஷ் என்பார்கள். தினமும் அதுதான் சாப்பாடு. நம் வார்த்தையில் சொன்னால் கஞ்சிக்குழி.

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் சீமையில் மிஷன் கஞ்சி என்றால் நன்றியோடு சொல்லும் பேச்சு. 1876–78 பெரும்பஞ்சத்தில் மிஷனரிமார் ஊற்றிய கஞ்சியில் உயிர் பிழைத்தோம் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. என் பூட்டி எழுதப் படிக்கக் கற்றதும் மிஷன் பள்ளியில்தான். அதுவரை எங்கள் வம்சத்தில் எந்தப் பெண்ணும் எழுத்தைத் தொட்டதில்லை. அதே இங்கிலாந்துத் திருச்சபை மரபு, அதே ஜெபப் புத்தகம். அங்கே அந்தக் கஞ்சி, இங்கே இந்தக் கஞ்சி. இரண்டையும் நான் ஒரே மூச்சில் வைத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை. எங்கள் ஊர் நல்லதைச் சொல்லி இந்த ஊர்க் கெட்டதைச் சமன்செய்ய ஒரு ஆசை வருகிறது. அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது நான் வாயைத் திறக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது.

கனடா ஆங்கிலிக்கன் திருச்சபை 1993 ஆகஸ்ட்டில் இதற்காக மன்னிப்புக் கேட்டது. அப்போதைய தலைமைப் பேராயர் மைக்கேல் பியர்ஸ் பூர்வகுடி விசுவாசிகள் முன்னால் நின்று, உங்களிடமும் தவறினோம், தேவனிடமும் தவறினோம் என்று அறிக்கையிட்டார். திரும்பி வரும் வண்டியில் இதைப் பற்றித்தான் பேச்சு. மன்னிப்புக் கேட்டாயிற்றே, இன்னும் எத்தனை காலம் என்றார் ஒருவர். வண்டி ஓட்டிய முதிய பெண்மணி, சகேயு என்ன செய்தான் என்று மட்டும் கேட்டார். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று இயேசுவிடம் சொன்னானே, வரி வசூலித்த அந்தக் குள்ள மனிதன். அவர் அதற்கு மேல் பேசவில்லை. நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவில்லை, பாதி தூரம் எல்லோரும் மௌனம்.

அந்த வாரம் நான் பையனுடைய அம்மாவிடம் கேட்டு அவன் புது எண்ணை வாங்கினேன். 'உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தால், நீ போய்' என்று தொடங்குகிற வசனம், அவனும் நீயும் தனித்திருக்கையில் பேசு என்கிறது. அவன் வரட்டும் என்று சொல்லவில்லை. போனில் என் குரலைக் கேட்டதும் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. எட்மண்டனில் ஒரு பேக்கரியில் இரவு வேலை என்றான். இருமிக்கொண்டே இருந்தான். பணத்தைப் பற்றி நான் பேசவில்லை. பெருந்தன்மை என்று எனக்குள் ஒரு சுகம். "அத விடுடே, அண்ணாச்சி மறந்தாச்சு" என்று சொல்லி வைத்தேன்.

பத்து நாளில் வங்கியிலிருந்து மின்னஞ்சல்: இ-டிரான்ஸ்ஃபர், நாற்பது டாலர், அவனிடமிருந்து. இங்கே அந்த முறையில் அனுப்புகிறவர் ஒரு ரகசியக் கேள்வி வைப்பார். பதில் சொன்னால்தான் பணம் நம் கணக்குக்கு வரும். 30 நாளுக்குள் எடுக்காவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். சரி, திரும்பட்டும் என்று விட்டுவிட்டேன். மன்னிப்பதற்கு இதைவிட நாசூக்கான வழி உண்டா என்று மனைவியிடம் பெருமையாகவே சொன்னேன். அவள் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, "அவன்ட்ட கேட்டியளா?" என்றாள்.

இருபத்தைந்தாம் நாள் அவனே கூப்பிட்டான். "அண்ணாச்சி, ஏன் துட்ட எடுக்கல?"

"வேண்டாம்டே. உனக்கே கஷ்டம்."

"அப்ப நான் உங்களுக்குக் கடன்காரனாவே இருக்கணுமா? எங்கம்மா கோயில்ல உங்க வீட்டுக்காரங்க மொகத்தப் பாத்துட்டு வேற வாசல்ல போறாளாம். மாசம் நாப்பதுதான் முடியும். எடுத்துக்கிடுங்க."

எனக்குப் பதில் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தேன். ரகசியக் கேள்வியைத் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தான்: நம்ம கோபுரம் எத்தனை அடி?

192 என்று அடித்தேன்.