இடக்கைக்குத் தெரியாமல் ஒரு கணக்கு

இன்று குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து வந்து புது ஓலையை மாதா படத்துக்குப் பின்னால் செருகப் போனால், போன வருட ஓலை அங்கேயே காய்ந்து கிடக்கிறது. பழைய ஓலைகளைக் கொண்டுவந்து தரச்சொல்லிக் கோவிலில் அறிவித்தபோது தலையாட்டிவிட்டு மறந்துபோனேன். அந்த ஓலைகளை எரித்த சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். ஆக, இந்த வருடம் என் நெற்றியில் இருந்தது முழுக்க மற்ற வீட்டு ஓலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், உயிர்த்த ஞாயிறுக்கு முன் வருகிற தவக்காலமும் எங்களுக்கு வருடக் கணக்கு முடிக்கிற காலமும் ஒன்றாகத்தான் வந்து தலையில் விழும். இரவு எட்டு மணிக்கு, ஒத்துப்போகாத ஒரு வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு இருக்கிறவளிடம் போய் மௌனம், தியானம் என்று சொல்லிப் பாருங்கள்.

இந்தத் தொழில் புத்தி கோவிலுக்குள்ளும் கூடவே வரும். தவக்காலம் 40 நாள் என்கிறார்களே, உண்மையிலேயே 40தானா என்று ஒரு தரம் எண்ணிப் பார்த்தேன். இந்த 2025இல் விபூதிப் புதன் மார்ச் 5, பெரிய சனி ஏப்ரல் 19. எண்ணினால் 46 வருகிறது. அப்புறம்தான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்ப்பதில்லை என்று. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று ஒறுத்தல், அதாவது விரும்பியதை விட்டிருப்பது, இல்லை. ஆறு ஞாயிறைக் கழித்தால் சரியாக 40. கணக்கு ஒத்துப்போனதில் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து அம்மா, "உனக்கு இதுதான் ஜெபமா?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு 64 வயது. திருச்சபைச் சட்டப்படி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி இருக்க வேண்டியவர்கள் 18 வயதிலிருந்து 59 வயது வரை உள்ளவர்கள். அதுவும் ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளையும் கொஞ்சமாக, அவ்வளவுதான். அம்மா அதையெல்லாம் காதில் வாங்குவதில்லை. சட்டம் இறைச்சியைத்தான் விடச் சொல்கிறது, மீன் சாப்பிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் மச்சம் என்றால் மீனும் முட்டையும் சேர்ந்ததுதான், வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும். பக்கத்து இந்து வீடுகளில் விரதம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, இறைச்சியை மட்டும் விட்டுவிட்டு விளைமீன் குழம்பு சாப்பிடுவது ஒறுத்தலாகவே தெரியாது போல.

ஜெபம், ஒறுத்தல், தர்மம் என்று மூன்று. முதல் இரண்டிலும் எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை, அல்லது பிரச்சினை என்னவென்று தெரியும். ஜெபம் பஸ்ஸில் நடக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்குப் போகிற நேரத்தில், நெரிசல் இருந்தால், செபமாலையின் ஐந்து துக்கத் தேவ இரகசியங்களையும் முடித்துவிடலாம். நெரிசல் இல்லாத நாளில் மூன்றாவதில் இறங்க வேண்டி வரும், அன்றைக்கு மட்டும் வாகன நெரிசலைத் தேடுகிற ஆள் கொழும்பிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரவில் ஐந்து நிமிடம் ஒரு கொப்பியில் அன்றைய நாளைப் பற்றி எழுதுவேன். யாரிடம் எரிந்து விழுந்தேன், யாருடைய போனை எடுக்காமல் விட்டேன் என்று. பெரிய தியானம் ஒன்றும் இல்லை, அதிலும் பாதி நாள் தூங்கிவிடுவேன்.

தர்மத்தில்தான் எனக்குச் சிக்கல். விபூதிப் புதன் பூசையில் ஒவ்வொரு வருடமும் மத்தேயு 6ஆம் அதிகாரம்தான் வாசிப்பார்கள். தர்மம் செய்யும்போது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்கிற பகுதி. ஒவ்வொரு வருடமும் அதைக் கேட்கும்போது எனக்குள் இருக்கிற கணக்காளர் எழுந்து நிற்பார். எங்கள் தொழிலின் அடிப்படையே வலப்பக்கம் விழுந்தது இடப்பக்கத்துக்குத் தெரிய வேண்டும் என்பதுதான். இரட்டைப் பதிவு. ஒரு பக்கத்துக்குத் தெரியாமல் மறுபக்கம் ஏதாவது செய்தால் அதற்கு எங்கள் அலுவலகத்தில் வேறு பெயர், கணக்காய்வாளர் வந்து நிற்பார்.

அதனால் நான் கொடுப்பதையெல்லாம் எழுதி வைப்பேன். தவக்காலத்துக்கென்று ஒரு பழைய பிஸ்கட் டின், மூடியில் கீறி உண்டியலாக்கியது. இந்த வருடம் நான் விட்டது பால்தேத்தண்ணி. அலுவலகத்தில் காலை ஒன்று, பின்னேரம் ஒன்று, பக்கத்துக் கடையில் வாங்குவது, நாளுக்கு 200 ரூபாய். அந்த 200 டின்னுக்குள் போக வேண்டும். முதல் வாரம் அப்படியே போட்டேன், பெருமையாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை கொப்பியைப் பார்த்தால், தேத்தண்ணி இல்லாத தலைவலிக்கு நான் வாங்கிக் குடித்த மைலோ பக்கெட்டுகளின் செலவு தேத்தண்ணியை விடக் கூட. ஒறுத்தலில் நட்டம் காட்டிய முதல் ஆள்.

போன வருடக் கதை இதைவிட மோசம். பெரிய வியாழனன்று டின்னைப் பையில் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனேன். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எங்கள் கோவில்களில் பெரிய வாரத்தில் பையைத் திறந்து காட்டாமல் உள்ளே போக முடியாது. அந்த ஏப்ரல் 21ஐப் பற்றி இங்கே நிறைய எழுத மாட்டேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அது போதும். வாசலில் காவலுக்கு நின்ற தம்பிக்கு டின்னின் பாரமும் சத்தமும் சரியாகப் படவில்லை. "மேக்கே மொனவத அக்கே?" இதற்குள் என்ன அக்கா என்று சிங்களத்தில் கேட்டு, திறந்து காட்டச் சொன்னார். வரிசையில் எனக்குப் பின்னால் இருபது பேர். திறந்தேன். சில்லறை, மடித்த நூறு ரூபாய் நோட்டுகள், மேலே என் கையெழுத்தில் ஒரு துண்டு: "திரீவீலுக்கு எடுத்தது 500. சம்பளம் வந்ததும் போடுவது." சம்பளம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்குப் பின்னால் நின்ற அன்ரிக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வருடம் ரமழான் நோன்பும் தவக்காலமும் ஒரே நேரத்தில் வந்ததால் எங்கள் பிரிவில் மத்தியானச் சாப்பாட்டு மேசையே வெறிச்சோடிப் போனது. பக்கத்து மேசை முஸ்லிம் நானாவிடம் ஒரு நாள் இந்த இடக்கை, வலக்கைப் புலம்பலைச் சொன்னேன். அவர் சிரித்தார். "இது எங்கட ஹதீஸிலயும் இருக்கு தங்கச்சி" என்றார். நியாயத் தீர்ப்பு நாளில் அல்லாஹ்வின் நிழல் கிடைக்கிற ஏழு வகையானவர்களில் ஒருவர், வலக்கை கொடுத்தது இடக்கைக்குத் தெரியாமல் தர்மம் செய்தவர். எனக்கு அது புதுச் செய்தி. அப்புறம் அவர் ஸகாத் பற்றி விளக்கினார். ஒரு அளவுக்கு மேல் உள்ள சேமிப்பு ஒரு வருடம் கையில் இருந்தால் அதில் 2.5 சதவீதம் கொடுக்க வேண்டும். சந்திர வருடம்தான் கணக்கு. அதை ஒளிக்கத் தேவையில்லை, கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஏனென்றால் அது தர்மமே இல்லை, ஏழையின் பங்கு நம்மிடம் இருக்கிறது, அதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்றார். ஒளித்துக் கொடுக்க வேண்டியது அதற்கு மேல் மனதாரக் கொடுக்கிற ஸதகா.

கணக்கு மொழியில் சொன்னால், அது செலவு இல்லை, கொடுபட வேண்டிய கடன். நான் இத்தனை வருடமும் டின்னுக்குள் போட்டதை நன்கொடை என்ற தலைப்பில்தான் எழுதி வந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் நாங்கள் தவக்காலத்தின் முதல் வெள்ளி வாசிக்கிற எசாயா 58உம் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது. தலையை நாணல் போல வளைத்து, சாக்கு உடுத்திச் சாம்பலில் இருப்பதா நோன்பு, பசித்தவனோடு உன் உணவைப் பகிர்வது அல்லவா என்று.

மன்னாரில் என் அம்மம்மா கொப்பி எதுவும் வைத்திருக்கவில்லை. தவக்காலம் முழுக்க, சோற்றுக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையில் இருந்த பானைக்குள் போடுவார். பிடியரிசி. எத்தனை பிடி ஆனதென்று அவருக்கும் தெரியாது. பெரிய வாரத்தில் பானையைத் தூக்கிக்கொண்டு போவார், வெறும் பானையோடு வருவார். யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டால், "உனக்கென்னத்துக்கு?" அதில் எனக்குப் பிடித்த விஷயம், அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரு வாய் குறையும். எடுத்தது இன்னொரு மைலோவாகத் திரும்பி வராது.

அதே மன்னார்க் கரையில்தான் 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் வந்து இறங்கினார். ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர் காலம், கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை. கோவாவிலிருந்து வந்தவர் பிச்சைக்கார வேடத்தில்தான் யாழ்ப்பாணத்துக்குள் போனார், கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். மாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறதோ அவர்கள் நம்மவர்கள். 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன், வெயிலையும் தண்ணீர்ப் போத்தலையும் பற்றித்தான் அன்று அதிகம் யோசித்தேன். இந்த நாட்டின் முதல் புனிதர் இங்கே முதலில் செய்தது கையை நீட்டியதுதான் என்பது பத்து வருடம் கழித்து இந்தத் தவக்காலத்தில்தான் உறைத்தது. கொடுப்பதைப் பற்றி இவ்வளவு யோசித்த நான் வாங்குவதைப் பற்றி யோசித்ததே இல்லை.

இப்போது போன ஞாயிறு, ஏப்ரல் 6. எங்கள் கோவில் பங்கில் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் டி போல் சபை இருக்கிறது. 1833இல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்கிற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. பணத்தை அனுப்பிவிட்டு இருப்பதில்லை, வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். எனக்கு அதில் சேருகிற எண்ணமே இல்லை. பூசை முடிந்து வெளியே வந்தவளை ஒரு மாமி பிடித்துக்கொண்டார். "பிள்ளை, சும்மாதானே போறாய், இந்தப் பையைத் தூக்கு." இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்துச் செய்கிற சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்தில் சீரேன் ஊர் சீமோனும் இப்படித்தான் மாட்டியிருப்பார். அவர் விரும்பி வரவில்லை, வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் முழங்காலில் நின்று கேட்டும் அந்த மனிதரின் எரிச்சலை நான் யோசித்ததில்லை. வெயிலில் அரிசிப் பையோடு முகத்துவாரப் பகுதியில் நான்கு மாடி ஏறும்போது யோசித்தேன்.

மேலே ஒரே அறை. நடுவில் திரை போட்டு இரண்டாக்கியிருந்தது. வயது போன ஒரு அம்மாவும் பேரனும். மாமி அரிசி, பருப்பு, சீனி, ரின்மீன் என்று ஒவ்வொன்றாக மேசையில் வைக்க, அந்த அம்மா அதைப் பார்க்கவே இல்லை, எங்களையே பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார். கிளம்ப எழுந்தோம். "தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று பேரனை அனுப்பினார். பையன் கீழே கடைக்குப் போய் பால்மா பக்கெட் ஒன்றுடன் ஏறி வந்தான், சின்னது, மூச்சு வாங்கியபடி. அந்த அம்மா பக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துக் கிழித்து, முழுவதையும் இரண்டு கோப்பைகளுக்குள் கொட்டினார். எங்கள் இரண்டு பேருக்கு. உள்ளே ஒட்டியிருந்ததைத் தட்டித் தட்டி எடுத்து எனக்குத் தந்த கோப்பையில் போட்டார். நாங்கள் கொண்டுபோன பையில் பால்மா இல்லை.

ஞாயிறு 40க்குள் வராது, குடிக்கலாம் என்று ஒரு ஓட்டை இருந்தது. ஆனால் நான் ஞாயிறுகளிலும் தேத்தண்ணி குடிக்காமல்தான் இருந்தேன், அதில் ஒரு சின்ன கர்வமும் இருந்தது. "நான் தவக்காலத்துக்குத் தேத்தண்ணி குடிக்கிறதில்லை அம்மா" என்று வாய் வரைக்கும் வந்தது. மாமி என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். குடித்தேன். சீனி கூட, சூடு கூட, 32 நாளுக்குப் பிறகு குடிக்கிற பால்தேத்தண்ணி. சத்தியமாகச் சொல்கிறேன், தேவாமிர்தம்.

அன்று இரவு கொப்பியைத் திறந்து எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். எழுதவில்லை.

இன்று டின்னை எண்ணினேன். 26 வேலை நாள், 5,200 ரூபாய் இருக்க வேண்டும். மைலோ வாரத்தைக் கழித்தபின் குறைந்ததைச் சம்பளத்திலிருந்து போட்டுச் சரிக்கட்டினேன், துண்டு எதுவும் உள்ளே இல்லை. பெரிய வியாழனன்று தவக்காலக் காணிக்கைப் பெட்டியில் போடுவதற்கு முன் அதில் ஒரு பகுதியை எடுத்து 400 கிராம் பால்மா பக்கெட் வாங்கிப் பையனிடம் கொடுக்கலாமா, அல்லது அது கோப்பைக்குக் கோப்பை பதில் வைப்பதாகிவிடுமா என்று மாமியிடம் கேட்டேன். "வாங்கிக் குடன், இவ்வளவு யோசிச்சால் பால் திரைஞ்சிடும்" என்றார்.

நாளை சித்திரை வருடப்பிறப்பு, பெரிய வாரத்துத் திங்களில் வந்து விழுந்திருக்கிறது. கீழ் வீட்டுச் சிங்கள அக்கா விடிந்ததும் தட்டு நிறையக் கொக்கிஸும் கவுமும் வாழைப்பழமும் அனுப்புவார், கூடவே நின்று நான் சாப்பிடுகிறேனா என்று பார்ப்பார். அம்மா இப்போதே சொல்லிவிட்டார், பெரிய வாரத்தில் பலகாரம் தொடமாட்டேன், நீதான் சமாளிக்க வேண்டும் என்று. சமாளிப்பேன். எனக்குக் கவும் என்றால் உயிர்.