தாமதமாக வந்த கலியும் என் பருந்தும்

ஜூன் 3, செவ்வாய்

நான் எழுதும் தொடரின் பதினேழாம் அத்தியாயம் வெளியாகி ரெண்டு நாள். ஆதன் ஆற்றங்கரையில் முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கல்மேல் வைக்கிறான். முகம் கழுவக் குனிகிறான். எங்கிருந்தோ ஒரு பருந்து வந்து மோதிரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மோதிரம் இல்லாமல் கோட்டைக் கதவு திறக்காது. மலை உச்சியில் கதையின் கெட்ட தெய்வம் மசங்கன் சிரிக்கிறான். எழுதி முடித்த ராத்திரி எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

இன்றைக்கு வாசகர் ஒருத்தர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: “பருந்துக்கு அன்னைக்கு வேற சோலி இல்லையா?”

கோபம்தான். மசங்கன் தெய்வம், அந்திநேரத்துக்கே அதிபதி, அவன் நினைத்தால் பருந்து வராதா என்று பதில் தட்டினேன். அனுப்புமுன் அழித்துவிட்டேன். மசங்கன் பருந்தை அனுப்பியதாக நான் எழுதவே இல்லை. அது தானாக வந்தது. அவன் சிரிக்க மட்டும் செய்தான்.

ஜூன் 4, புதன்

கடையில் சரக்கு இறங்கிய நாள். கடுக்காய் மூணு மூட்டை, தான்றிக்காய் ரெண்டு, சுக்கு, அதிமதுரம். பில்லுக்கும் மூட்டைக்கும் கணக்கு இடிக்க, ராத்திரி ஒன்பதரை. எழுதவில்லை.

ஜூன் 7, சனி

பாளையங்கோட்டை, அத்தை வீடு. முப்பது வருசம் தமிழ் வாத்திச்சியாக இருந்தவள். போனில் எழுத்தைப் பெரிசாக்கி வைத்துக்கொண்டு என் தொடரை ஒரு வாரம் விடாமல் படிக்கிறாள். பாராட்டுவாள் என்று போனேன்.

“ஏல, கெட்டவனுக்கு அதிர்ஷ்டம் அடிக்கலாம், தப்பில்ல. ஆனா அதுக்கு அவன் காத்துக் கெடந்திருக்கணும். உன் மசங்கன் என்ன செஞ்சான்? நளவெண்பா படிச்சிருக்கியா?”

“ஸ்கூல்ல நாலு பாட்டு, அத்தை.”

“நாலு பாட்டு படிச்சவன் பேச்சா பேசுத நீ!”

அலமாரியிலிருந்து புத்தகம் வந்தது. அட்டை போய், முதுகில் பழுப்பு டேப். கூடவே ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி. வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து நளவெண்பா பாடிய புகழேந்திதான். பக்கத்தில் பாரதத்தின் வனபருவ மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டேன். சூதில் எல்லாம் தோற்றுக் காட்டில் கிடக்கும் தருமனுக்குப் பிருகதசுவர் என்ற முனிவர் சொல்லும் கதை இந்த நளன் கதை.

முதலில் கண்ணில் பட்டது, கலியுகத்தின் தெய்வமான கலியின் தாமதம். தமயந்தியின் சுயம்வரத்துக்கு அவனும்தான் கிளம்பினான். எதிரே இந்திரன், அக்கினி, வருணன், யமன் நாலு பேரும் திரும்பி வருகிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது, அவள் நளனுக்கு மாலையிட்டாள் என்கிறார்கள். பந்தி எடுத்த பிறகு வந்து சேர்ந்த சம்பந்தி மாதிரி கலிக்கு மூக்கின்மேல் கோபம். போட்டியிட்டுத் தோற்ற நாலு தேவர்களும் வாழ்த்திவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். போட்டிக்கே வராதவன் பழிவாங்கக் கிளம்புகிறான்! அற்பத்தனத்துக்கு இதைவிட நல்ல அறிமுகம் நான் படித்ததில்லை. கூட வந்த துவாபரனிடம், நான் நளனுக்குள் புகுவேன், நீ சூதாட்டக் காய்க்குள் புகுந்துகொள் என்கிறான்.

ஆனால் புக முடியவில்லை. நளன் சுத்தமாக வாழ்கிறான். கலி காத்திருக்கிறான். பாரதக் கணக்கில் பன்னிரண்டாம் ஆண்டில்தான் வழி கிடைக்கிறது. ஒரு சாயங்காலம் நளன் காலைச் சரியாகக் கழுவாமல் சந்தியாவந்தனம் செய்ய உட்கார்ந்துவிடுகிறான். அவ்வளவுதான், கலி உள்ளே.

சின்ன வயதில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. கால் கழுவாததற்கு ஒரு ராஜ்யமா? இன்றைக்கு அந்தப் பன்னிரண்டு வருசத்தைத்தான் பார்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம் சாயங்காலம், ஒரு மனுசன் கால் கழுவுவதையே ஒருத்தன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். நளனுக்கு அது தற்செயல். கலிக்கு அது பன்னிரண்டு வருச உழைப்பின் கூலி.

புகழேந்தி காண்டத்துக்கு வைத்த பெயரே ‘கலிதொடர் காண்டம்’. ‘தொடர்’ என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது. (திருநள்ளாற்றில் இதே கதையில் கலியின் இடத்தில் சனி பகவான் நிற்கிறார். நளன் முழுகிச் சனி விலகியதாகச் சொல்லும் குளத்தில் நானும் ஒரு தடவை முழுகியிருக்கிறேன். பலன் பற்றி இங்கே வேண்டாம்.)

ஜூன் 11, புதன்

மத்தியானம் கடையில் அத்தையின் போன். “வாள் வரைக்கும் வந்துட்டியா?”

வந்திருந்தேன். சூதில் நாடு போய், கட்டின துணியோடு ரெண்டு பேரும் காட்டில். நளன் பறவை பிடிக்கத் தன் துணியை வீசுகிறான், பறவைகள் துணியோடு பறந்துவிடுகின்றன. பறக்கும்போது, நாங்கள்தான் அந்தச் சூதாட்டக் காய்கள், உன் உடம்பில் துணி மிச்சம் இருப்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை என்று வேறு சொல்லிவிட்டுப் போகின்றன. மிச்சம் ஒரே துணி. அதையே ரெண்டு பேரும் சுற்றிக்கொண்டு ஒரு பாழ் மண்டபத்தில் படுக்கிறார்கள். தமயந்தி தூங்கிவிடுகிறாள். அவளை விட்டுப் போக வேண்டும் என்று நளனுக்குத் தோன்றுகிறது. துணியைக் கிழித்தால் விழித்துவிடுவாள். அறுக்க வேண்டும். எதை வைத்து அறுப்பது?

பாரதத்தில் நளன் அங்கும் இங்கும் நடக்கிறான். மண்டபத்தின் ஓரத்தில் உறையில்லாத நல்ல வாள் ஒன்று கிடக்கிறது. யாருடையது, யார் போட்டது என்று ஒரு பேச்சும் இல்லை. கிடந்தது, எடுத்தான், அறுத்தான்.

“இப்ப புகழேந்தியப் பாரு” என்றாள் அத்தை.

பார்த்தேன். நளன் மனதில் ஓடுவதை அறிந்த கலி, தானே வாளாக மாறி அவன் பக்கத்தில் வந்து கிடக்கிறான். ஒரே வெண்பா. பாரதம் சும்மா விட்ட ஓட்டையை ஒரு பாட்டில் அடைத்துவிட்டார். இரும்புத் துண்டாக மாறித் தரையில் கிடப்பது எந்தத் தெய்வத்துக்கும் பெருமை இல்லை, ஆனாலும் கலி கிடக்கிறான். என் மசங்கன் மலை உச்சியை விட்டு இறங்கினதே கிடையாது.

ஒன்று மட்டும் அத்தையிடம் ஒத்துக்கொள்ளவில்லை. பாரதத்து வாளும் எனக்குப் பிடிக்கிறது. யாரும் போடாத வாள் என்றால் அறுத்தது முழுக்க நளன். கலியே வாள் என்றால் பழியில் பாதி அவனுக்குப் போய்விடுகிறது. சொன்னேன். “சரி, வாத்தியாரே” என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 12, வியாழன்

தூக்கம் வராமல் டோல்கீனின் ‘ஹூரினின் மக்கள்’ நாவலை மறுபடி புரட்டினேன். அங்கேயும் ஒரு கெட்ட தெய்வம், மார்கோத். பணியாத ஹூரினை மலைமேல் ஒரு கல் நாற்காலியில் கட்டிவைத்து, அவன் பிள்ளைகள் அழிவதைப் பார்க்கவைக்கிறான். 28 வருசம். மகன் டூரினும், அவன் கண்ணால் பார்த்தேயிராத தங்கை நியனோரும் ஒருவரையொருவர் அறியாமல் மணந்துகொள்வது அந்தக் கதையின் உச்சம். டிராகனின் மயக்கில் நினைவிழந்து ஓடிவந்த நியனோர், ஓர் இளவரசியின் சமாதி மேட்டில்தான் விழுந்து கிடக்கிறாள். டூரின் காப்பாற்றத் தவறிய இளவரசி. அந்த மேட்டுக்குத்தான் அவனும் வருகிறான்.

இத்தனை பெரிய காட்டில் அந்த மேடா? நியாயமாகப் பார்த்தால் என் பருந்தைவிட மோசம். ஆனால் படிக்கும்போது ஒரு தடவைகூட எனக்கு இடறவில்லை. அந்த மேட்டில் டூரினின் குற்றவுணர்வு ஏற்கெனவே புதைந்து கிடக்கிறது. என் ஆற்றங்கரைக் கல்லில் ஒன்றும் இல்லை, வெறும் கல்.

ஜூன் 15, ஞாயிறு

கலிநீங்கு காண்டம். காட்டுத்தீயில் சிக்கிய கார்க்கோடகனை நளன் காப்பாற்ற, அந்தப் பாம்பே அவனைக் கடிக்கிறது. உருவம் மாறிப்போகிறது. விஷம் சுடுவது நளனையல்ல, உள்ளே இருக்கும் கலியை. அடையாளம் தெரியாத நளன் அயோத்தி அரசன் இருதுபன்னனிடம் தேரோட்டியாகச் சேர்கிறான்.

தமயந்திக்கு மறுநாளே இரண்டாம் சுயம்வரம் என்று ஒரு பொய்ச் செய்தி. அனுப்பியது அவள்தான். ஒரே நாளில் தேரைக் கொண்டுவரக்கூடியவன் நளன் ஒருத்தன் என்பது அவளுக்குத் தெரியும். இனி பாரதம் சொல்வது: தேர் பறக்கிறது. அரசனின் மேலாடை காற்றில் விழுகிறது. எடுக்கலாம் நிறுத்து என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு யோசனை தூரம் தாண்டியாயிற்று. அரசனுக்குக் கொஞ்சம் ரோசம். உனக்குக் குதிரை வித்தை என்றால் எனக்கு எண்ணும் வித்தை என்று வழியில் நின்ற தான்றி மரத்தைக் காட்டுகிறான். கீழே உதிர்ந்தவை மேலே இருப்பவற்றைவிட நூற்றொன்று அதிகம், ரெண்டு கிளைகளில் ஐந்து கோடி இலை, 2095 காய். நளன் நம்பாமல் இறங்கி எண்ணிப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது. குதிரை வித்தைக்குச் சூதின் சூட்சுமம் கைமாறுகிறது. அது உள்ளே போனதும் கலி விஷத்தைக் கக்கிக்கொண்டு வெளியே வந்து அதே தான்றி மரத்தில் போய் ஒளிகிறான்.

அந்த மரம் ஏன் அங்கே நின்றது என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் சூதாடியதே தான்றிக்காயை வைத்துத்தான். காய்களை அள்ளி நாலு நாலாகப் பிரிப்பார்களாம். மீதி இல்லாவிட்டால் கிருதம், மூணு மிஞ்சினால் திரேதம், ரெண்டு என்றால் துவாபரம், ஒன்று என்றால் கலி. யுகங்களின் பெயர்கள் இந்த ஆட்டத்திலிருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் கலி அதிர்ஷ்டத்தை ஏவிவிடும் தெய்வம் இல்லை. தோற்கிற கைப்பிடியே அவன்தான். துவாபரன் காய்க்குள் புகுந்ததும் அவனுக்கு வீடு திரும்பினது மாதிரி.

நூற்றொன்றை நாலால் வகுத்தேன். மீதி ஒன்று. வேண்டுமென்றே வைத்த எண்ணா, எனக்கு அப்படித் தெரிகிறதா? ராத்திரி பன்னிரண்டரைக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்.

ஜூன் 16, திங்கள்

திரிபலாவுக்காக வந்த தான்றி மூட்டை பிரித்துக் கிடந்தது. மத்தியானம் ஆள் இல்லாத நேரம், தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். சாம்பல் பூத்த பழுப்பு, தொட்டால் லேசாக வெல்வெட் மாதிரி, உள்ளே கல் போலக் கொட்டை. ஒரு கை அள்ளினேன். பதினாலு, துவாபரம். அடுத்தது பதினேழு, கலி. பதினாறு, கிருதம். பதிமூணு, மறுபடி கலி.

பத்துப் பதினைந்து தடவை அள்ளின பிறகு, எண்ணுமுன்பே உள்ளங்கைக்குத் தெரிய ஆரம்பித்தது. இது பதினாறை ஒட்டி, இது பதினாலை ஒட்டி. ஒன்றிரண்டு தப்பியது, பாதிக்கு மேல் சரி. இன்னும் ஒரு வருசம் அள்ளினால் கலி விழாமல் நிறுத்த முடியும் போலிருந்தது. இருதுபன்னனின் வித்தையில் மந்திரமே வேண்டாம்.

“என்ன தம்பி, ஸ்டாக் எடுக்கியளா, சோசியம் பாக்கியளா?” அண்ணாச்சி பின்னால் நின்றுகொண்டிருந்தார். “ஸ்டாக்குதான் அண்ணாச்சி” என்றேன். எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டார்.

ஜூன் 21, சனி

பதினேழாம் அத்தியாயத்தைத் திருப்பி எழுதிவிட்டேன். மசங்கன் மலையிலிருந்து இறங்கிவிட்டான். ஒன்பது வருசமாக அந்தியில் மீன்காரன் வேசத்தில் அதே கல்மேல் உட்கார்ந்து, செதிள் மினுங்கும் மீன் துண்டைப் பருந்துக்குப் போடுகிறான். கையில் கவிச்சி நாற்றம். அந்தக் கல்மேல் மினுங்குவதெல்லாம் தனக்கு என்று பருந்து பழகிவிட்டது. ஆதன் மோதிரத்தைக் கழற்றுவது மட்டும் மசங்கன் கையில் இல்லை. கழற்றக் கூடாது என்று ஆதனின் அம்மா சொன்னதை மூணாம் அத்தியாயத்தில் சேர்த்தேன்.

அத்தை படித்துவிட்டு உடனே கூப்பிட்டாள்.

“இப்பதாம்ல தெய்வம் மாதிரி இருக்கான். சரி, மோதிரத்த அது எங்க கொண்டு போச்சு?”

“கூட்டுக்குத்தான்.”

“கூடு எந்த மரத்துல?”

நான் வாயைத் திறக்குமுன், “தான்றின்னு மட்டும் எழுதிராத” என்றாள்.