திண்ணைக்கு நூறு செங்கல்: மாசி முதல் வைகாசி வரை

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுத் திண்ணையின் கிழக்கு மூலை சரிந்துவிட்டது. கொத்தனார் வந்து பார்த்தார். இந்த அளவுக் கல் இப்போது எங்கும் கிடைக்காது, முழுவதையும் இடித்துப் புதுக் கல்லில் கட்டிவிடலாம் என்றார். விழுந்த கல் ஒன்றை எடுத்து அளந்தேன். நீளம் 6 அங்குலம், அகலம் 4, கனம் ஒன்றே ஒன்று. இப்போது விற்கும் நாட்டுச் செங்கல் 9 அங்குல நீளம், 3 அங்குலக் கனம். இரண்டையும் ஒரே வரிசையில் சேர்த்துக் கட்டவே முடியாது. தாத்தா உட்கார்ந்து கணக்கு எழுதிய திண்ணையை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. நூறு கல்தானே, நானே அறுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர் நன்னிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது. கடப்பாரையால் எவ்வளவு ஆழம் குத்தினாலும் பாறையில் இடிக்காத மண். இங்கே வெறுமனே 'கல்' என்றால் செங்கல்தான். மற்றதைச் சொல்லத்தான் 'கருங்கல்' என்று அடைமொழி வேண்டும். சுவரின் பருமனைக்கூட அரைக்கல் சுவர், ஒரு கல் சுவர் என்று செங்கல்லை வைத்தே அளக்கிறோம். தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் டெல்டாவுக்கு வெளியிலிருந்து வந்தது. சோழ அரசி செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் கற்றளிகளாக, அதாவது கருங்கல் கோயில்களாக, மாற்றியவை பல, அதற்கு முன் செங்கல் கோயில்களாக இருந்தவை. பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960-களில் அகழ்ந்தெடுத்த பழைய படகுத்துறையும் செங்கல் கட்டுமானம்தான். மலையில்லாத ஊரில் மலை செய்ய வேண்டிய வேலையையும் சேறுதான் செய்திருக்கிறது.

மாசி முதல் வாரம். குளம் தூர் வாரியபோது கரையில் கொட்டிய மண்ணில் மூன்று வண்டி எடுத்துக்கொண்டேன். கறுத்த களிமண், வெண்ணெய் போல வழவழப்பு. தச்சரிடம் சொல்லிச் சரியாக 6 அங்குலத்துக்கு அச்சு செய்து, அன்றே நாற்பது கல் அறுத்து வெயிலில் வைத்தேன். மறுநாள் மாலை அத்தனையும் வெடித்துக் கிடந்தன. வெடிக்காத நான்கை அளந்தால் ஐந்தரை அங்குலம்தான் இருந்தது. களிமண் நீரை இழக்கும்போது சுருங்கும் என்று தெரியும். பன்னிரண்டில் ஒரு பங்கு காணாமல் போகும் என்று நான் நினைக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். இளவயதில் காளவாய்களில், அதாவது செங்கல் சூளைகளில், கல் அறுத்தவர். அவரிடம் போய் நின்றேன். வந்து மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தார். "எத்தனை நாள் ஊற வைத்தாய் தம்பி?" என்று கேட்டார். காலையில் நீர் விட்டு மதியம் அறுத்தேன் என்றேன். "ஊறாத அரிசியை அரைத்தால் மாவு என்ன ஆகும்?" என்றார். அதற்குமேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்தத் தொழிலின் பேச்சு முழுவதும் அடுப்பங்கரைப் பேச்சுதான் என்று அன்று கவனித்தேன். மண்ணை ஊறவைக்கிறார்கள், பிசைகிறார்கள். கல்லைச் சுடுகிறார்கள், அது வேகிறது, அல்லது வேகவில்லை. நாம் மனிதர்களைச் சொல்லும் 'அரைவேக்காடு' அவர் வாயில் கல்லுக்கான சொல்.

அவர் சொன்னபடி இரண்டாம் முறை மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு மணல், மதகடியில் ஒதுங்கியிருந்ததை, சேர்த்தேன். இரண்டு கூடை உமியும் போட்டு மூன்று நாள் ஊறவிட்டு மிதித்தேன். அச்சையும் ஆறரைக்கு நாலேகால் என்று பெரிதாக்கினேன். அச்சில் மணல் தூவி, மண் உருண்டையை ஓங்கி அறைந்து, மேலே மிஞ்சியதைக் கம்பியால் வழித்தெடுக்க வேண்டும். மெதுவாக வைத்தால் மூலை நிரம்பாது. வெயிலில் காயவைக்காமல் கீற்றுக் கொட்டகையின் நிழலில் இரண்டு நாள் படுக்கையாகவும், பிறகு குத்துக்கல்லாகவும் வைத்தேன். ஒரு நாளைக்கு என்னால் 60 கல்தான் முடிந்தது. இரவில் முதுகு நிமிரவில்லை. காளவாயில் கூலியே ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் பேசுகிறார்கள். அந்த ஆயிரம் என்ற எண்ணை இனி என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியாது.

நான்கு நாளில் 240. பங்குனிக் கடைசியில் திடீரென்று பெய்த மழையில் இருபது கரைந்தது போக, மிச்சம் 220.

சுடுவதற்கு உமி வாங்க அரிசி ஆலைக்குப் போகும் வழியில் திருப்புகலூர். சுந்தரர் இந்தக் கோயிலில் திருப்பணிக்காக வந்திருந்த செங்கற்களைத் தலைக்கு அணையாக அடுக்கித் தூங்கினார் என்றும், விழித்தபோது அவை பொன்னாக இருந்தன என்றும் பெரிய புராணம் சொல்கிறது. திருவாரூரில் பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன் வேண்டி வந்தவர் அவர். செங்கல்லுக்கு அங்கே 'சுடுமண் பலகை' என்று பெயர். சிறு வயது முதல் கேட்ட கதைதான். உமி மூட்டைகளோடு அந்தக் கோபுரத்தைக் கடந்தபோது எனக்குப் பொன்னைவிடத் தலையணைதான் பெரிதாகத் தெரிந்தது. களைத்த மனிதன் தலைவைக்க அந்த ஊரில் கிடைத்தது செங்கல்.

சித்திரையில் கொல்லையில் சின்னக் காளவாய் அடுக்கினோம். அடியில் இரண்டு அடுப்புக்கண், அதில் கருவேல விறகு, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே உமி, வெளியே சேற்றுப் பூச்சு. விளைந்த மண், அதில் விளைந்த நெல்லின் உமி. மூன்று இரவு புகைந்தது. ஆற நான்கு நாள்.

அந்த நான்கு நாளும் வேறு வேலை ஓடவில்லை. வீட்டில் செங்கல் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பீரோவின் ஆடும் காலுக்கு அடியில் ஒரு துண்டு. பொங்கலுக்கு அடுப்புக் கூட்டிய மூன்று கல் கரி படிந்து கிணற்றடியில் கிடந்தன. பித்தளைக் குத்துவிளக்கைப் புளியோடு சேர்த்துத் துலக்க அம்மா இன்னும் செங்கல் தூள்தான் இடித்து வைத்திருக்கிறார். முழங்கால் வலிக்குக் கல்லைச் சுடவைத்துத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுப்பதும் உண்டு. ரேஷன் கடை வரிசையில் நமக்குப் பதிலாக இடம்பிடித்து நிற்பதும் ஒரு கல். வீடு கட்டத் தொடங்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் வாங்குவது அது. அப்பாவின் கருமாதியில் ஆற்றங்கரையில் அவராக ஊன்றி நாங்கள் நீர் வார்த்ததும் ஒரு செங்கல்லுக்குத்தான். அதை நினைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிரித்தபோது நன்றாக வெந்தவை 128. ஓரத்தில் இருந்த 50 வெளிறிப்போய் நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. அடுப்புக்கண் அருகே 20 முறுகி வளைந்துவிட்டன. மற்ற 22 உடைசல். மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து வெந்தால் சிவப்பு. உள்ளே காற்றுப் போகாத இடத்தில் உமியின் கரி அப்படியே தங்கி நடுவில் கறுப்பு. உடைத்துப் பார்த்த இரண்டிலும் அந்தக் கறுப்பு இருந்தது. ஒரு நல்ல கல்லை நிறுத்தேன், 625 கிராம். ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறியபின் 735. சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. என்னுடையது 18-க்கும் கீழே. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, அடுக்கி வைத்த கல்லில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றி அந்த இடம் சில்லுச் சில்லாகத் தெறித்தது. 17 கல் போயின. காரணம் நத்தை ஓடு. குளத்து மண்ணில் கிடந்த ஓடுகள் சூட்டில் சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளந்துவிட்டன. மண்ணைக் காயவைத்து இடித்துச் சலித்திருக்க வேண்டும். செய்து பார்க்க நினைப்பவர்கள் இதை மட்டும் தவறவிடாதீர்கள். குளத்து மண் என்றால் சல்லடை கட்டாயம்.

மிஞ்சியது 111. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றோடொன்று தட்டி, காதருகே வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். "ஏழு கல் எனக்குக் கொடு தம்பி. வாய்க்கால் கரையில் கன்னிமார் கல் கரைந்துபோய்விட்டது" என்றார். செக்கச்செவேலென்று இருந்த சிலவற்றை எடுத்து நீட்டினேன். அவற்றை ஒதுக்கிவிட்டு, நிறம் எப்படியிருந்தாலும் கணீரென்று சத்தம் கொடுத்த ஏழைத் தேடி எடுத்து முந்தானையில் கட்டிக்கொண்டார்.

104 இருக்கிறது. கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார்.